குஷாதாசியில் ஒரு பகல்: கப்பல் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் கப்பல் துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் காலை 7 முதல் மாலை 5 வரை நிற்கிறது. எபேசு என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளுக்குக் கப்பல் டூரில் போவதா, நாமே போவதா?

ப: நீங்களே போகலாம். எபேசு சுமார் 20 கிலோமீட்டர்தான், செல்சுக் ஊருக்குப் பக்கத்தில். டோல்முஷ் என்ற மினிபஸ் மலிவு. ஆனால் அதில் போனால் கீழ்வாசலில் தொடங்கி வெயிலில் மேடு ஏற வேண்டும். டாக்சி பேசி மேல்வாசலில் இறங்குங்கள். சரிவில் கட்டிய ஊர் அது. மேலிருந்து நடந்தால் குரேடிஸ் தெரு முடியும் இடத்தில் செல்சஸ் நூலகம் நேர் எதிரே நிற்கும். 2ஆம் நூற்றாண்டில் மகன் தன் தந்தை செல்சஸுக்காகக் கட்டியது. தந்தையின் கல்லறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. விழுந்து கிடந்த கற்களை 1970களில் எடுத்து அடுக்கி முகப்பை நிமிர்த்தினார்கள்.

அப்புறம் பெரிய அரங்கம். தெமேத்திரியு என்ற தட்டான், கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுலுக்கு எதிராகக் கிளப்பிவிட்ட கூட்டம் இரண்டு மணி நேரம் கத்தியதாக பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்வது இந்த அரங்கத்தில்தான். அங்கிருந்து போகும் துறைமுகத் தெருவில் நின்று பாருங்கள், முடிவில் கடல் இல்லை. குச்சுக் மெண்டெரெஸ் ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது, கரை பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. உங்கள் கப்பல் இன்று எபேசுவில் நிற்காமல் குஷாதாசியில் நிற்பதற்கு அந்த வண்டலும் ஒரு காரணம்.

கே: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

ப: மேல்வாசலில் தொடங்கினால் முடியும். சலவைக்கல் தரை வழுக்கும், ரப்பர் அடி செருப்பு அவசியம். சரிவு வீடுகளில், அதாவது சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய பழைய ரோமானிய வீடுகளில், படிகள் அதிகம். அம்மா கீழே நிழலில் உட்காரட்டும்.

கே: சரிவு வீடுகளுக்குத் தனிக் கட்டணமாமே, தேவையா?

ப: தேவை. சுவரோவியங்களும் மொசைக் தரைகளும் கூரைக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. பணம் மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

கே: இந்தியப் பாஸ்போர்ட். விசா வேண்டுமா?

ப: துருக்கி விதியைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிரேக்கத்துக்குத் திரும்பும் பயணமானால் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

கே: இயேசுவின் தாய் மரியாள் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லும் மாதா வீட்டைச் சேர்க்கலாமா?

ப: சேர்க்கலாம். மலைமேல் இருக்கிறது, டாக்சிதான் வழி.

கே: அது உண்மையான வீடே இல்லை. மாதா எருசலேமில்தான் இறந்தார். ஏன் அனுப்புகிறீர்கள்?

ப: எருசலேம் மரபு பழையது, மறுக்கவில்லை. எபேசு பக்கம் நிற்பவர்கள் சொல்வது, இயேசு தாயைத் தன் சீடர் யோவானிடம் ஒப்படைத்தார், யோவான் எபேசுவில் வாழ்ந்தார் என்ற மரபு. இந்த வீட்டை 19ஆம் நூற்றாண்டில் அடையாளம் கண்டது ஆன் கேதரின் எமெரிக் என்ற ஜெர்மானியக் கன்னியாஸ்திரீ கண்ட தெய்வீகக் காட்சிகளை வைத்து. இதுதான் வீடு என்று கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் 1967, 1979, 2006 ஆண்டுகளில் மூன்று போப்புகள் வந்து ஜெபித்தார்கள். மாதாவை மரியம் என்று அழைக்கும் முஸ்லிம்களும் தேடி வருகிறார்கள்.

கே: போப் வந்தால் உண்மையாகிவிடுமா?

ப: ஆகாது. ஜெபிக்கப் போகிறவர் போகட்டும். வரலாறு மட்டும் வேண்டுமென்றால் அந்த நேரத்தைச் சரிவு வீடுகளுக்குக் கொடுங்கள். இதற்குமேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கே: டோல்முஷ் எங்கே இறக்கிவிடும்?

ப: கீழ்வாசல் பக்கம். முதல் பதிலைப் படியுங்கள்.

கே: டூர் முடிந்ததும் கம்பளக் கடைக்கு இலவசமாக அழைத்துப் போகிறார்களாம். போகலாமா?

ப: வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும். டீ கொடுத்து ஒவ்வொன்றாக விரிப்பார்கள், அரை நாள் கரைந்துவிடும்.

கே: நவம்பரில் போகிறோம். எத்தனை மணிக்குக் கப்பலுக்குத் திரும்புவது?

ப: துருக்கி 2016 முதல் குளிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதில்லை, கிரேக்கம் தள்ளுகிறது. நவம்பரில் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பல் துருக்கி நேரத்துக்கு மாறி, உங்கள் கைக்கடிகாரம் கிரேக்க நேரத்திலேயே இருந்தால் கப்பலைத் தவறவிடுவீர்கள். இறங்கும்போது கப்பலில் காட்டும் நேரத்தைப் பார்த்து கடிகாரத்தைச் சரி செய்யுங்கள். கடைசி ஏறும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே குஷாதாசி வந்துவிடுங்கள்.

கே: கம்பளம் அங்கே மலிவா?

ப: விலை பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. கடைக்குப் போவதைப் பற்றி மேலே பாருங்கள்.