மழைநீர்க் குழாயில் குப்பை அடைக்காமல் இருக்க

கேள்வி: மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், ஒவ்வொரு மழைக்காலத்திலும் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. குழாய் வாயில் கொசுவலையை மடித்துக் கட்டியதில், முதல் பெருமழையிலேயே மாடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. இன்னும் நெருக்கமான வலை போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கட்டியிருக்கும் வலையையும் உடனே அவிழ்த்துவிடுங்கள். வலைக்கண் சிறியதாக ஆக, உள்ளே போகும் குப்பை குறையும் என்பது உண்மைதான். ஆனால் வலையும் அவ்வளவு விரைவில் அடைபடும். குழாய் வாய் அளவே உள்ள தட்டையான வலையை மூட அகலமான இலை ஒன்றே போதும், மேலே நிற்கும் தண்ணீர் அதை நகரவிடாமல் அழுத்திக்கொள்ளும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 செ.மீ. உயரம் நிற்கும் தண்ணீரின் எடை 10 டன் என்பதால், இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

அந்த இடத்துக்கு ஏற்றது, கவிழ்த்த கிண்ணம் போல மேலெழுந்து நிற்கும் சல்லடை மூடி. இலைகள் அதன் அடியைச் சுற்றி ஒதுங்கினாலும், பக்கவாட்டிலும் உச்சியிலும் உள்ள துளைகள் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அதைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடாமல், கையால் தூக்கி எடுக்கும்படி பொருத்துங்கள்.

மண்ணின் கதை வேறு. அதை எந்தச் சல்லடையாலும் தடுக்க முடியாது, படியத்தான் விட வேண்டும். குழாய் தரைக்கு வந்து, வடிகாலையோ சேமிப்புத் தொட்டியையோ அடையும் முன் ஒரு சிறு வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயை அதன் அடித்தளத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். அந்தக் குழாயின் முனையில், தொட்டிக்குள், T எழுத்து வடிவிலான ஒரு 'டீ' இணைப்பை, இரு கிளைகள் மேலும் கீழுமாக இருக்கும்படி நிமிர்த்திப் பொருத்தி, அதன் கீழ்க்கிளை நீர்மட்டத்துக்குள் மூழ்கியிருக்குமாறு பார்த்துக்கொண்டால், மண் அடியில் தங்கும், சருகும் காம்பும் மேலே மிதந்தபடி நிற்கும், இடைப்பட்ட தெளிந்த நீர் மட்டும் வெளியேறும். கீழ்நோக்கி மட்டும் வளையும் சாதாரண எல்போவைவிட இதையே நான் விரும்புவதற்குக் காரணம், திறந்த மேல்வாய் வழியே கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம் என்பதுதான். தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்குமாதலால், கொசு புகாதபடி மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வெளியேறும் குழாய் இருக்கும் உயரத்தில் பாதிக்கு வண்டல் ஏறுவதற்குள் அள்ளிவிட வேண்டும்.

இப்போதுள்ள அடைப்பை மேலிருந்து குச்சியால் குத்தித் தள்ளாதீர்கள். அது கீழ் வளைவில் போய் இன்னும் இறுகிவிடும். குழாயின் அடிப்பகுதியைக் கழற்றிக் கீழிருந்தே எடுப்பது நல்லது. திரும்பப் பூட்டும்போது, 90 பாகை வளைவு ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் போட்டு, அவற்றுக்குச் சற்று மேலே திருகு மூடியுள்ள ஒரு திறப்பையும் வைத்துவிட்டால், அடுத்த முறை எதையும் கழற்ற வேண்டியிருக்காது.

இத்தனைக்குப் பிறகும் கைப்பிடிச் சுவரில், மாடித் தளத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்தில், ஆனால் மாடிக் கதவின் நிலைப்படிக்குத் தாழ்வாக, சல்லடை ஏதுமில்லாத ஓர் அவசர வழி அவசியம். அதன் வழியே தண்ணீர் கொட்டுவதைக் கண்டால் பிரதான குழாய் அடைபடுகிறது என்று பொருள். மழை ஓய்ந்ததும் முதலில் சல்லடை மூடியைத் தூக்கிப் பாருங்கள், அங்கே சுத்தமாக இருந்தால் கீழ்த் திறப்பைத் திறங்கள்.