போகிக்கு வித்துட்ட கிரிக்கெட் அட்டைப் பெட்டி, திரும்ப வாங்க முடியுமா?

செல்லூர் வாசகர் ஒருத்தர் கேட்டது, கொஞ்சம் சுருக்கிப் போடுறேன்.

"சார், நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன். மதுரை வீட்டுப் பரண்ல ஒரு டிரங்க் பெட்டி இருந்துச்சு. அதுல ஸ்கூல் படிக்கிறப்ப நான் சேத்த பிக் ஃபன் பபிள்கம் கிரிக்கெட் அட்டை, டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டு ரெண்டு செட்டு, கூடவே எங்க அப்பா வச்சிருந்த 87 ரிலையன்ஸ் கப் (உலகக் கோப்பை) சேப்பாக்கம் மேட்ச் டிக்கெட்டு, ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்க போஸ்டர் எல்லாம் இருந்துச்சு. அப்பா 2021ல தவறிட்டாங்க. இந்த வருஷம் போகிக்கு வீட்டை ஒதுங்க வைக்கிறப்ப அக்கா வீட்டுக்காரர் பெட்டியோட தூக்கி பழைய பொருள் வாங்கி விக்கிற ஒருத்தருக்கு 6,000 ரூபாய்க்கு குடுத்துட்டாரு. அக்காவும் சரின்னு சொல்லிருக்கு. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தப்பதான் எனக்கே தெரியும். வாங்குனவரு இன்ஸ்டாகிராம்ல ஒவ்வொண்ணா போட்டு விக்கிறாரு, ஒரு கபில்தேவ் அட்டைக்கு மட்டும் 4,500 கேக்குறாரு. போய்க் கேட்டா 'காசு குடுத்து வாங்கிருக்கேன், எழுதிக் குடுத்த சீட்டு இருக்கு, உங்க மச்சான்கிட்ட பேசிக்கங்க'ன்னுட்டாரு. அம்மா போகிக்கு முன்னாடி கேட்டப்ப 'வேணாத பழசெல்லாம் எடுத்துப் போட்டுருங்கம்மா'ன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பிருந்தேன், அதை வச்சு மச்சான் நீதானே சொன்னேன்னு கேக்குறாரு. போலீஸ்ல குடுக்கலாமா, கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா, அமெரிக்காவுல ஒரு அட்டை நூறு கோடி வரைக்கும் போயிருக்காமே, 10 லட்சம் நஷ்டஈடு கேக்கலாமா?"

தம்பி, நீங்க கேட்ட கேள்வி எல்லாமே பணத்தையும் ஆளையும் சுத்தியே இருக்கு, பெட்டியை எப்படித் திரும்ப வாங்குறதுன்னு ஒரு வரி கூட இல்ல. ஆனா உங்க கேஸோட பலமே அந்தப் பெட்டிதான். அதனால பொருளைக் கேளுங்க, பணத்தை ரெண்டாவதா வைங்க. 1963 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்ல 8வது பிரிவு இந்த மாதிரி விஷயத்துக்குன்னே இருக்கு. தனக்குச் சொந்தமில்லாத ஒரு அசையும் பொருளை ஒருத்தர் கையில வச்சிருந்தா, அந்தப் பொருளுக்குப் பணம் குடுத்தா ஈடாகாதுங்கிற நெலமையில, பொருளையே குடுடான்னு கோர்ட் சொல்லும், அதுலயும் உங்களுக்கு சாதகமா ஒண்ணு இருக்கு, பணம் ஈடாகாதுன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்ல, ஈடாகும்னு எதிர்க்கட்சிதான் நிரூபிக்கணும். பிக் ஃபன் அட்டைக்கு அதை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். அட்டையில இருந்த ரன்னு விக்கெட்டை கூட்டிச் சேத்து கடையில குடுத்து ஃபிளிப் புக் வாங்குன பசங்கதான் ஊர் முழுக்க, சேந்த அட்டையெல்லாம் அப்படியே கடைக்குத் திரும்பிப் போயிருச்சு, குடுக்காம வச்சிருந்தவன் கையிலதான் இன்னைக்கு இருக்கு. இப்போ எந்தக் கடையில போய் புதுசு வாங்க முடியும்?

அடுத்து "காசு குடுத்து வாங்குனேன்"ங்கிற பேச்சு. இதைக் கேட்டு நெறைய பேரு அதோட விட்டுர்றாங்க. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 27வது பிரிவு, தன்கிட்ட என்ன உரிமை இருக்கோ அதைத்தான் ஒருத்தர் விக்க முடியும், அதுக்கு மேல ஒரு பைசா உரிமை கூட வாங்குறவருக்குப் போகாது. உங்க அட்டை மச்சானோடது இல்ல, அதனால அவரு எழுதிக் குடுத்த சீட்டு அவருக்கும் வாங்குனவருக்கும் நடுவுல உள்ள சமாச்சாரம், உங்களைக் கட்டாது. வாங்குனவரு இன்னொருத்தருக்கு வித்து அந்த ஆளு இன்னொருத்தருக்கு வித்தாலும் இதேதான். வாங்குனவருக்கும் சட்டம் வழி வச்சிருக்கு, விக்கிறவருக்கு விக்கிற உரிமை இருக்குன்னு 14வது பிரிவுல மறைமுகமான உறுதி உண்டு, அது இல்லைன்னு ஆனா குடுத்த 6,000த்தை மச்சான்கிட்ட வாங்கிக்கலாம். அவரும் ஏமாந்தவரா இருக்கலாம், அதனால எடுத்தவுடனே திருடன்கிற மாதிரி பேசாதீங்க.

இங்கதான் நீங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு. பெட்டி ஒண்ணுதான், ஆனா சட்டக் கண்ணுக்கு அது ரெண்டு பெட்டி. அட்டையும் டிரம்ப் கார்டும் உங்களோடது, அதுல சந்தேகமில்ல. டிக்கெட்டும் போஸ்டரும் அப்பாவோடது, உயில் எழுதாம அவரு தவறினதால இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்க மூணு பேருக்கும் சம பங்கு (அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, நீங்க எழுதல). ஆக அக்கா அதுல கூட்டு உரிமையாளர். முன்னாடி சொன்ன சரக்கு விற்பனைச் சட்டத்துல 28வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கூட்டுச் சொத்து மத்த பங்காளிங்க அனுமதியோட ஒருத்தர் கையில மட்டும் இருந்து அவர்கிட்ட நல்லெண்ணத்தோட ஒருத்தர் வாங்கினா அந்த விற்பனை செல்லும். எதிர்க்கட்சி வக்கீல் விவரமானவரா இருந்தா இதைத்தான் பிடிப்பாரு, அக்கா சம்மதிச்சாங்க, மச்சான் அக்கா சார்பா வித்தாருன்னு. இதுக்குப் பதில் இருக்கு, பெட்டி இருந்தது அம்மா இருக்குற வீட்டுப் பரண்ல, அக்கா கையில தனியா ஒப்படைச்சு வச்சிருக்கல. ஆனா இதுக்கு அம்மா சாட்சி சொல்லணும், சொந்த மகளுக்கு எதிரா கோர்ட்டுல நிக்க வைக்கணுமான்னு நீங்க யோசிச்சு முடிவெடுக்கணும். அப்பா டிக்கெட்டு உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு புரியுது, 1987 அக்டோபர் 9, ஆஸ்திரேலியாகிட்ட ஒரே ஒரு ரன்ல தோத்த மேட்ச், நேர்ல பாத்துட்டு வந்து அந்தத் துண்டுச் சீட்டை அத்தனை வருஷம் வச்சிருந்த மனுசன். அப்பாவே உயிரோட இருக்குறப்ப உங்க கையில குடுத்திருந்தா அது தானம், அசையும் பொருளுக்குப் பத்திரம் ரிஜிஸ்டர் எல்லாம் வேண்டியதில்ல, கையில குடுத்தாலே போதும். அப்படிக் குடுத்ததுக்கு யாராவது சாட்சி இருந்தா எனக்குச் சொல்லுங்க, டிக்கெட்டும் உங்க தனிச் சொத்து லிஸ்டுக்கு வந்துரும். இல்லாததை இருக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க.

வாய்ஸ் நோட்டு உங்க பலவீனம், மறைக்க வேணாம். சொந்தக்காரன் தன்னோட பேச்சால நடத்தையால விக்க அதிகாரம் குடுத்த மாதிரி நடந்துக்கிட்டா பின்னாடி மறுக்க முடியாதுன்னு அதே 27ல ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆனா உங்க வார்த்தை "வேணாத பழசு", அதுவும் அம்மாவுக்குச் சொன்னது, மச்சானுக்கு இல்ல, எடுத்துப் போடச் சொன்னது, விக்கச் சொன்னதும் இல்ல. எல்லாத்தையும் விட முக்கியம், வாங்குனவரு அந்த நோட்டைக் கேட்டு அதை நம்பி வாங்கல. அதனால இது உங்களைக் கவுத்துராதுன்னு நான் நினைக்கிறேன். அழிச்சு மட்டும் விட்டுராதீங்க, அம்மா போன்ல அது இருக்கும், நீங்க அழிச்சதுதான் பெருசா தெரியும்.

நீங்க அனுப்புன போட்டோ பாத்தேன். 2019ல எடுத்தது, தரையில விரிச்சு வச்ச அட்டைங்க, அந்தக் கபில்தேவ் அட்டைக்கு வலது கீழ் மூலையில ராமபாணப் பூச்சி அரிச்ச பிறை மாதிரி ஒரு குறை, இன்னொரு போட்டோவுல அதே அட்டை பின்பக்கம், நீல மையில உங்க இனிஷியலும் '7 பி'ன்னும் எழுதிருக்கு. இன்ஸ்டாகிராம்ல விக்கப் போட்ட படத்துலயும் அதே மூலை அப்படியே தெரியுது. சேக்குறவங்க கண்ணுக்கு அந்தக் குறை விலையைக் குறைக்கும், பூச்சி அரிச்ச அட்டைக்கு எவனும் பெரிய கிரேடு குடுக்க மாட்டான், ஆனா கோர்ட்டுல அதுதான் உங்க கைநாட்டு. அச்சடிச்ச அட்டை ஆயிரம் பேர்கிட்ட ஒரே மாதிரி இருக்கும், அந்த மூலை அரிச்சது உங்ககிட்ட மட்டும்தான். ஒவ்வொரு அட்டையா உக்காந்து எழுதுங்க, எந்த ஆட்டக்காரர், எங்க மடிப்பு, எங்க மை, எங்க டீக்கறை. பிராதுல, அதாவது கேஸ் மனுவுல, தபசில்னு கடைசியில ஒரு பொருள் பட்டியல் போடுவோம், அது இப்படி இருந்தாதான் தீர்ப்பு வந்த பின்னாடி கோர்ட் ஊழியரான அமீனா போய் எதை எடுக்கணும்னு தெரியும். "சுமார் 200 பழைய அட்டைகள்"னு எழுதுன பிராது ஜெயிச்சும் பிரயோஜனமில்ல. இன்ஸ்டா போஸ்டை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காம, அக்கவுண்ட் பேரு, தேதி, விலை எல்லாம் தெரியிற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுங்க. புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவுப்படி எலக்ட்ரானிக் ரெக்கார்டுக்கு சர்டிபிகேட் வேணும், அதுல நீங்க கையெழுத்து போடுற பகுதி ஒண்ணு, எக்ஸ்பெர்ட் போடுற பகுதி ஒண்ணு, ஹேஷ் வேல்யூவும் (ஃபைலை யாரும் மாத்தலைன்னு காட்டுற குறியீடு) குறிக்கணும், அதுக்கு ஒரிஜினல் ஃபைல் இருக்குற போனை மாத்திராம வச்சிருங்க.

இப்போ வேகம்தான் முக்கியம். நெலம் வீடு கேஸ்னா கேஸ் நடக்குறப்ப வித்தாலும் வாங்குறவனைத் தீர்ப்பு கட்டும், அந்தப் பாதுகாப்பு அசையும் பொருளுக்குக் கிடையாது, அவரு தினம் ஒண்ணா வித்துக்கிட்டே போனா நீங்க பத்து ஊர்ல பத்து பேரைத் தேடணும். அதனால இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மென்ட்டோட, வாட்ஸ்அப்லயும் ஒரு காப்பி. நோட்டீஸ் கைக்குப் போயிருச்சுன்னா அப்புறம் தெரியாம வித்தேன்னு அவரு சொல்ல முடியாது. அந்த நோட்டீஸ்லயே அவரு குடுத்த 6,000த்தை மச்சான்கிட்ட இருந்து திரும்ப வாங்கித் தர்றோம், பெட்டியை அப்படியே குடுத்துருங்கன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க, உரிமையை விட்டுக்கொடுக்காம. நெறைய பேரு அதோட எறங்கி வந்துருவாங்க. வரலைன்னா மாவட்ட முன்சீப் கோர்ட்டுல பிராது, கூடவே அதே நாள் ரெண்டு மனு, விக்கக் கூடாதுன்னு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 39ல இடைக்காலத் தடை ஒண்ணு, அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கிற வக்கீல்) போய் பெட்டியில இருக்கிறதை எண்ணி போட்டோ எடுத்து லிஸ்டு போடணும்னு ஒண்ணு. இந்த ரெண்டாவது மனுவைப் பல பேரு போடுறதில்ல, இந்த மாதிரி கேஸ்ல அதுதான் உயிர். பெட்டியில எது மிச்சம் இருக்குன்னு பதிவாயிரும், அதுக்கப்புறம் ஒண்ணு காணாமப் போனா கேள்வி கேக்கலாம். சாட்சிக் கூண்டுக்கு நீங்களே வரணும், பவர் குடுத்து நண்பனை அனுப்பினா உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயத்தை அவரு சொல்ல முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2004லயே சொல்லிருச்சு.

போலீஸ் விஷயம். வேணாம்னு சொல்ல மாட்டேன், முதல்ல வேணாம்னு சொல்றேன். திருட்டுன்னா நேர்மையில்லாத எண்ணம் இருக்கணும், புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல 303வது பிரிவு. மச்சான் ஸ்டேஷன்ல போய் வீட்டுல எல்லாரும் இருக்குறப்ப குப்பைன்னு நினைச்சு குடுத்தேன், வாய்ஸ் நோட் இருக்குன்னு சொன்னா சிஎஸ்ஆர் ரசீது (புகார் வந்ததுக்கான சீட்டு) போட்டுட்டு சிவில்ல பாத்துக்கங்கன்னு அனுப்பிருவாங்க, அந்தத் தாளை எதிர்க்கட்சி கோர்ட்டுல தூக்கிக் காட்டும். அந்த 6,000த்தை மச்சான் யாருக்கும் தெரியாம மறைச்சாருன்னா, பெட்டி உங்களோடதுன்னு தெரிஞ்சே நீங்க ஊருக்கு வர்றதுக்குள்ள குடுத்தாருன்னா அப்போ விஷயம் வேற. உங்க கடுதாசியில அப்படி எதுவும் எனக்குத் தெரியல.

கன்ஸ்யூமர் கோர்ட் இதுக்கு இல்ல, நீங்க அவர்கிட்ட எதையும் வாங்கல.

10 லட்சம். நீங்க படிச்சது 1952 டாப்ஸ் கம்பெனி மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை, 2022ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அங்க அட்டையைத் தரம் பாத்து மார்க் போட்டு சீல் வைக்கிற கம்பெனிங்க இருக்கு, அந்த மேன்டிலுக்குப் பத்துக்கு ஒன்பதரை, ஏலக் கம்பெனிங்க ஒவ்வொரு விற்பனையையும் பதிவு வச்சிருக்கு, அதனால விலைன்னு சொன்னா அதுக்கு ஆதாரம் இருக்கும். உங்க அட்டைக்கு நம்மகிட்ட இருக்குற ஒரே ஆதாரம் அவரே போட்ட 4,500. பணக் கேஸா போட்டா தமிழ்நாட்டுல நூத்துக்கு 3 ரூபா கோர்ட் ஃபீஸ், 10 லட்சத்துக்கு 30,000 முன்னாடியே கட்டணும், நிரூபிக்க முடியாத தொகைக்கு அதைக் கட்டாதீங்க. பொருளைக் கேக்குற பிராதுலயே, பொருள் கிடைக்காமப் போனா இவ்வளவு பணம்னு மாற்றா ஒரு தொகையும் தீர்ப்புல போடணும், அதுக்கு அவரு விக்கப் போட்ட விலைங்களையே கணக்கா வைப்போம், அவரு வாயாலயே சொன்ன விலை, அதை அவரு மறுக்க முடியாது. தீர்ப்பு வந்தும் குடுக்கலைன்னா ஆர்டர் 21 ரூல் 31, பொருளைப் பறிமுதல் பண்ணலாம், சொத்தை ஜப்தி பண்ணலாம், சிவில் ஜெயில் வரைக்கும் போகலாம்.

காலக்கெடு மூணு வருஷம். யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்தா, எடுத்த நாள்ல இருந்தான்னு பின்னாடி வாதம் வரும், நீங்க போகியில இருந்தே எண்ணிக்கங்க.

குடும்பத்துக்குள்ள நடந்ததுங்கிறதால கோர்ட் வளாகத்துல இருக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல முன்கூட்டியே ஒரு மனு குடுத்துப் பாக்கலாம், செலவில்ல, மச்சானையும் வாங்குனவரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, லோக் அதாலத்துல சமாதானம் ஆனா அது தீர்ப்பு மாதிரியே, அப்பீல் கிடையாது. போன் நம்பர் 15100. அதுக்குப் போறப்ப தபசில் லிஸ்டு ரெண்டு காப்பி கொண்டு போங்க. பெட்டி கைக்கு வர்ற அன்னைக்கு ஒவ்வொண்ணா லிஸ்டோட ஒத்துப் பாத்து டிக் பண்ணுங்க, குறையிறதை எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க, அதுக்கு முன்னாடி "முழுசா பெற்றுக்கொண்டேன்"னு எந்தத் தாள்லயும் கையெழுத்து போட்டுராதீங்க.