ஒண்ணாங்கிளாஸ்லயே இன்னொரு வருஷம் உக்கார வைக்கலாமா? நாங்க வச்சோம்

பொண்ணுக்கு 7 வயசு, பேச்சும் எழுத்தும் லேட்டு, ஸ்கூல்ல திரும்பவும் ஒண்ணாங்கிளாஸ்லயே இருக்கட்டும்னு சொல்றாங்க, ஒத்துக்கலாமானு கேட்டிருக்கீங்க. நாங்க ஒத்துக்கிட்டவங்கங்க, அதான் எழுதறேன்.

சேலம் சிவதாபுரம் பக்கம் வீடு, வீட்டுக்காரருக்கு கொலுசு பட்டறைல வேலை. பையன் நடந்ததே ரெண்டு வயசு தாண்டி, பேச்சு மூணரைல தான் வந்துச்சு, மாமியார் வேற "இவங்கப்பனும் இப்படித்தான்"னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஒண்ணாங்கிளாஸ் முடியறப்ப ஸ்கூல்ல (பிரைவேட், பேர் வேண்டாம்) கூப்பிட்டு, இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல இருக்கட்டும்னு நீங்களே லெட்டர் எழுதி குடுங்கன்னாங்க. ஏன் நம்மகிட்ட லெட்டர் கேக்கறாங்கன்னு அப்ப புரியல. கல்வி உரிமைச் சட்டம் 2009 படி ஒண்ணாங்கிளாஸ்ல எந்தப் புள்ளையையும் ஸ்கூலே நிறுத்தி வைக்க முடியாது. 2019ல நிறுத்தி வைக்கலாம்னு திருத்தம் வந்தது கூட 5, 8 கிளாசுக்கு தான். இது தெரியாமயே கையெழுத்து போட்டுட்டு வந்தோம்.

முதல் ரெண்டு மாசம் எனக்கு ஒரே சந்தோஷம், தமிழ் புக்க கடகடன்னு படிக்கிறான். ஒருநாள் சாயங்காலம் நான் தோசை ஊத்திட்டு இருக்கேன், பின்னாடி சத்தமா படிக்கிறான், திரும்பிப் பாத்தா புக்கு தலைகீழா இருக்கு. போன வருஷம் பூரா கேட்டுக் கேட்டு மொத்த புக்கும் மனப்பாடம்! அதே "மரம்"ங்கற வார்த்தைய காலண்டர் தாள் பின்னாடி எழுதி காட்டினா திருதிருன்னு முழிக்கிறான். அதே மிஸ், அதே புக்கு, அதே நோட்டு, அப்புறம் வேற என்ன வரும் சொல்லுங்க. தினமும் பிரேயர்ல போய் ரெண்டாங்கிளாஸ் வரிசைல அவன் பழைய பிரெண்டு பின்னாடி நின்னுக்குவானாம், மிஸ் கையப் புடிச்சு இந்தப் பக்கம் இழுத்துட்டு வருவாங்களாம். இத ஆயாம்மா தான் சொன்னாங்க, ஸ்கூல்ல யாரும் சொல்லல.

அந்த ஆயாம்மா தான் வட்டார வள மையத்துக்கும் (கல்வித்துறையோட வட்டார ஆபீஸ்) போகச் சொன்னாங்க. அங்க சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, காசு கிடையாது. அவங்க கேட்ட முதல் கேள்வியே காது டெஸ்ட் எடுத்தீங்களாம்மான்னு. எடுக்கலீங்க, கூப்பிட்டா திரும்பறானே, காது நல்லாத்தான் கேக்குதுன்னு நெனச்சுட்டோம். பெரியாஸ்பத்திரில பாத்தா ரெண்டு காதுலயும் உள்ள நீர் கோத்திருக்கு, மெதுவா பேசினா பாதி வார்த்தை போய்ச் சேரவே இல்ல. காது மட்டும் காரணமில்லைன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாரு, ஆனா அத சரி பண்ணி ஸ்பீச் தெரபி ஆரம்பிச்ச பிறகு தான் ல, ர வித்தியாசமே அவனுக்கு தெரிஞ்சுது.

அடுத்து அரசுப் பள்ளிக்கு மாத்திட்டோம், சொந்தக்காரங்க சிரிச்சாங்க, சிரிக்கட்டும். 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நெலமைக்குத் தக்க பிரிச்சு சொல்லித் தர்றாங்க. அதனால கிளாஸ்ல முன்னாடி போனாலும் தமிழுக்கு இவன் அரும்புலயே இருந்தான், ஒரு கிளாஸ் கீழ எறக்க வேண்டிய அவசியமே வரல. போன மே மாசம் ஏற்காடு போனப்ப கொண்டை ஊசி வளைவு போர்டு ஒவ்வொண்ணையும் கத்திக் கத்தி படிச்சான், மொத்தம் 20, பஸ்ல இருந்தவங்க காதெல்லாம் போச்சு.

திரும்பப் படிச்சாலே தப்புன்னு சொல்ல வரல. நாத்தனார் பொண்ணு யூகேஜி ரெண்டு தடவ படிச்சா, மே மாசம் பொறந்த புள்ள, கிளாஸ்லயே சின்னது, ஸ்கூலும் புதுசு, அவளுக்கு அது நல்லா செட் ஆச்சு. உங்க பொண்ணு ஏற்கனவே 7, கூடப் படிக்கிறதுங்க மேல போறது அவளுக்கு நல்லாவே தெரியும். ஸ்கூல்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அடுத்த வருஷம் இவளுக்குன்னு தனியா என்ன சொல்லித் தருவீங்க, யார் தருவாங்க, வாரத்துல எத்தன மணி நேரம்னு. எங்க ஸ்கூல்ல இத கேட்டிருந்தா பதிலே வந்திருக்காது.

லெட்டர் மட்டும் இப்போதைக்கு குடுக்காதீங்க. முதல்ல காது, கண்ணு ரெண்டும் பாத்துருங்க. பெரியாஸ்பத்திரின்னா காலைல சீக்கிரமே போயிடுங்க, ஓபி சீட்டுக்கே கூட்டம் நிக்கும், புள்ளைக்கு கைல ஏதாவது திங்க எடுத்துட்டு போங்க.