ஒத்தியா, வாடகையா?

கேள்வி: மதுரையில் 2022 ஜூனில் ஒரு வீட்டை மூன்று வருட ஒத்திக்கு எடுத்தோம். மொத்தம் 5 லட்சம் ரூபாய். 4 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் கையில். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டோம், பதியவில்லை. தலைப்பில் ‘வாடகை ஒப்பந்தம்’ என்று இருக்கிறது. கெடு முடிந்து பணம் கேட்டால், “இது வாடகைதான், மூன்று வருட வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன்” என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். இரண்டாவது பத்தியில் ‘பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் வழக்கே அந்த வரிதான். தலைப்பில் பத்திர எழுத்தர் என்ன போட்டிருந்தாலும், உள்ளே எழுதியிருப்பது என்ன என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

வாடகை என்றால் குடியிருக்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலை. அது திரும்ப வராது. ஒத்தி அப்படியில்லை. அது அடமானம். வீட்டுக்காரர் உங்களிடம் கடன் வாங்கி, வீட்டை உங்கள் கையில் ஈடாக ஒப்படைத்திருக்கிறார்; வட்டிக்குப் பதில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882-இன் 58-ஆம் பிரிவு இதை அனுபவ அடமானம் என்கிறது. மாத வாடகை எவ்வளவு என்று ஒரு தொகைகூட எழுதாத பத்திரத்திலிருந்து அவர் எதைக் கழிப்பார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அனுபவ அடமானத்தை எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஒத்தி என்று போட்டால் செலவு, வாடகை என்று போடுங்கள்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த யோசனையால் வந்த கேஸ்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். பதியாததால் அந்த வீட்டின் மேல் அடமான உரிமை கேட்க முடியாது. வில்லங்கச் சான்றிலும் உங்கள் பணம் தெரியாது. நாளை அவர் வீட்டை விற்றால், வாங்குகிறவரிடம் போய் நிற்பது சிரமம்.

ஆனால் பணம் போய்விடவில்லை. பதியாத பத்திரத்தையும் பணம் கைமாறியதற்குச் சாட்சியமாகக் காட்டலாம். குறைவாகக் கட்டிய முத்திரைத் தீர்வையின் மீதியை அபராதத்தோடு கட்டச் சொல்வார்கள். 4 லட்சத்துக்கு வங்கிக் கணக்கு பேசும். கையில் கொடுத்த 1 லட்சத்துக்கு, ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது.

இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறமும் தராவிட்டால் பண வசூல் வழக்கு. கெடு முடிந்ததிலிருந்து மூன்று வருடம், அதாவது 2028 ஜூனுக்குள் போட்டாக வேண்டும். ‘அடுத்த ஒத்திக்காரர் வரட்டும்’ என்று அவர் இழுப்பதில் அந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.

இதற்கிடையில் ‘புதிதாக ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்’ என்று வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொல்லும் கதைக்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பணத்துக்கு அலையவும் வேண்டாம். ஒரு கையில் பணம், மறு கையில் சாவி. ஒப்பந்தப் பத்திரத்தின் அசலை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்காரர் கேட்டாலும்.