சோலார் வாட்டர் ஹீட்டர்: டேங்கைப் பார்க்காதீர்கள், டியூபை எண்ணுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் வெந்நீர்க் கேள்விகள் குவிந்துவிடும். சித்திரையில் யாருக்கும் அந்த ஞாபகமே இருக்காது. இந்த முறையும் பாதிப் பேர் டேங்க் எத்தனை லிட்டர் என்பதை மட்டும் எழுதிவிட்டு, ஊர், தண்ணீர், டியூப் (வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய்) கணக்கு எதையும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். கிடைத்த விவரத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: வீட்டில் நான்கு பேர். 100 லிட்டர் போதுமா, 200 வாங்க வேண்டுமா? (ஈரோடு)

ப: வாளியில் மொண்டு குளிப்பவர்கள் என்றால் 100 போதும். ஆளுக்கு 25 லிட்டர் நல்ல சூட்டில் கிடைத்து, பச்சைத் தண்ணீர் கலந்தால் மூன்று வாளி தேறும். ஷவர், சமையலறைக் குழாய் எல்லாம் உண்டு என்றால் 200. பொங்கலுக்கு வரும் உறவினர்களை நினைத்து 300 வாங்காதீர்கள்.

கே: பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். வாட்டர் ஹீட்டருக்கும் உண்டா? (தாம்பரம்)

ப: கிடையாது. அது மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு. மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஹீட்டருக்கு முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: ஆறு மாதம் முன்பு 200 லிட்டர் ஹீட்டர் போட்டோம். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. கேட்டால் மேகமூட்டம் என்கிறார் விற்றவர். சித்திரையிலும் மேகமூட்டமா? (திருப்பூர்)

ப: நல்லவேளையாகப் படம் அனுப்பியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன்: 15 டியூப். அதுவும் 47 மில்லிமீட்டர் விட்டம், ஐந்தடி நீளம் உள்ள மெலிந்த ரகம். உங்களுக்கு விற்றது 100 லிட்டர் ஹீட்டர். 200 லிட்டர் டேங்க் அதற்குத் தொப்பி.

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சூடு வருவது டியூபிலிருந்து. டேங்க் அதைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 4 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) வெப்பம் வேண்டும். நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் நாளொன்றுக்கு 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீருக்குப் போய்ச் சேரும். ஆக, 100 லிட்டருக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் வேண்டும். மெலிந்த டியூப் என்றால் 14, 15. 58 மில்லிமீட்டர் விட்டமும் ஆறடி நீளமும் உள்ள பெரிய ரகம் என்றால் 10. அந்த 4 யூனிட்டை 200 லிட்டரில் பரப்பினால் 42, 43 டிகிரிக்கு மேல் ஏறாது. இரவில் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, காலையில் 40. நீங்கள் எழுதியிருக்கும் வெதுவெதுப்பு இதுதான். மேகத்தின் மேல் பழி போட வேண்டாம்.

ஏன் இப்படி விற்கிறார்கள்? வாங்க வருகிறவர் "200 லிட்டர் என்ன விலை?" என்று மட்டும் கேட்கிறார். எவர் குறைத்துச் சொல்கிறாரோ அவரிடம் வாங்குகிறார். டியூபைக் குறைத்தால் விலை குறைகிறது. ஒழுங்காக 20 பெரிய டியூப் வைத்துக் கொடுப்பவர் இரண்டு தெரு தள்ளிக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறார். விற்பவரிடம் குறை இருப்பது உண்மை. பில்லில் டியூப் அளவும் எண்ணிக்கையும் எழுதி வாங்காத உங்களிடமும் குறை உண்டு.

இப்போது என்ன செய்வது? டேங்கில் 15 துளைதான், கூடுதல் டியூப் சொருக முடியாது. பில்லை எடுத்துப் பாருங்கள். 30 மெலிந்த டியூப் அல்லது 20 பெரிய டியூப் என்று எழுதியிருந்தால் நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால், விற்றவரிடம் பேசி 100 லிட்டர் டேங்காக மாற்றிக்கொள்ளப் பாருங்கள். நான்கு பேருக்கு நல்ல சூட்டில் 100 லிட்டர், ஆறின 200 லிட்டரைவிட மேல்.

கே: மொட்டைமாடியில் டேங்குக்கு மேலே நிற்கும் குழாயிலிருந்து ஆவியும் சொட்டுத் தண்ணீரும் வந்தது. பிளம்பர் மூடி போட்டு அடைத்துவிட்டார். இப்போது சொட்டவில்லை. இது சரிதானே? (மதுரை)

ப: இந்த வரியைப் படித்ததும் மாடிக்குப் போய் அந்த மூடியைக் கழற்றுங்கள். ஹீட்டரிலேயே முக்கியமான உறுப்பு அந்த வென்ட் பைப்தான். அதை அடைத்தால் ஆவி வெளியேற வழியின்றி டேங்க் வெடித்துப் பிளக்கலாம். அல்லது கீழே குழாயைத் திறந்து வெந்நீர் எடுக்கும்போது காற்று உள்ளே போக முடியாமல் டேங்க் நசுங்கலாம். வென்ட் பைப்பில் மூடி, வால்வு, குழாய்த்திருகி எதுவும் கூடாது. பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஓரிரண்டு அடி உயரத்தில் அது முடிய வேண்டும். உங்கள் வீட்டில் உயரம் குறைவாக இருப்பதால்தான் சொட்டியிருக்கும். குழாயை நீட்டச் சொல்லுங்கள், அடைக்கச் சொல்லாதீர்கள்.

கே: ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

ப: எந்த ஹீட்டர், எந்த ஊர், என்ன கோளாறு? ஜோசியம் எனக்குத் தெரியாது.

கே: தெற்கே பக்கத்து வீட்டு மாடி மறைக்கிறது. மேற்கு பார்த்து வைக்கலாமா? (நாகர்கோவில்)

ப: நிழலா திசையா என்றால் நிழல்தான் பெரிய எதிரி. தென்கிழக்கு, தென்மேற்காக இருபது டிகிரி திரும்பினால் பெரிய நஷ்டமில்லை. சித்திரையிலிருந்து ஆடி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அப்போது எப்படி வைத்தாலும் வெந்நீர் கொதிக்கும். கவலை மார்கழிக்கு. அப்போது சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், பக்கத்து வீட்டு நிழலும் நீளும். மார்கழியில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

கே: போர் தண்ணீர் கடும் உப்பு. டியூப் ரகம் நல்லதா, தகட்டு ரகம் நல்லதா? அடைப்பெடுக்க ஆசிட் ஊற்றலாமா? (தருமபுரி)

ப: டியூப் ரகம். தகட்டு ரகத்தில் (கண்ணாடி மூடிய தட்டைப் பெட்டிக்குள் கறுப்புத் தகடு உள்ளது) தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்கள் அரை அங்குலம்தான். உப்புத் தண்ணீரில் சில வருடங்களில் உட்புறம் வெள்ளைக் காரை பூசியதுபோல் அடைத்துவிடும். டியூபிலும் உப்பு சேரும், ஆனால் கழற்றித் தட்டிக் கொட்டலாம். வருடத்துக்கு ஒரு முறை டேங்கை வடித்துவிட்டு, உள்ளே தொங்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள், கரைந்துபோயிருந்தால் மாற்றுங்கள். டேங்கைக் காப்பாற்ற அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. ஆசிட் பேச்சே வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட் எவர்சில்வர் டேங்கைத் தின்றுவிடும். சிட்ரிக் அமிலம் போதும்.

வடிப்பதை அதிகாலையில் செய்து, வெயில் ஏறுமுன் நிரப்பிவிடுங்கள். காய்ந்த டியூப் உச்சி வெயிலில் 200 டிகிரி தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் பட்பட்டென்று தெறிக்கும்.

கே: ஊட்டிக்கு எது சரி? (குன்னூர்)

ப: டியூப். உறைபனி விழும் இரவில் சாதாரணத் தகட்டு ரகத்தின் செம்புக் குழாய் வெடித்துவிடும். வெளியே ஓடும் குழாய்கள் முழுவதற்கும் கனமான உறை போடுங்கள்.

கே: சோலார் போட்டும் கரண்ட் பில் குறையவில்லை. (ஓசூர்)

ப: டேங்கில் இருக்கும் மின்சார காயிலை ஆன் செய்தே வைத்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். இரவெல்லாம் கரண்டில் கொதித்த தண்ணீருக்கு விடிந்தபின் சூரியன் என்ன செய்யும்? காயில் மழைநாளுக்கு. மாலையில் குழாயைத் திறந்து பாருங்கள். ஆறியிருந்தால் மட்டும், குளிக்குமுன் தேவையான நேரம் போடுங்கள்.

கே: குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவதற்குள் ஒரு குடம் தண்ணீர் வீணாகிறது. (சேலம்)

ப: முக்கால் அங்குலக் குழாயில் 60 அடிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ஆறிக் கிடக்கும். உங்கள் வீட்டில் ஒரு குடம் என்றால் குழாய் வீட்டைச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். ஹீட்டரைக் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுவர முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் சிபிவிசி குழாய்க்கு (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) உறை போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளியுங்கள்.

கே: ஒரு டியூபின் அடிப்பக்கம் வெள்ளி நிறம் போய்ப் பால் போல் வெளுத்துவிட்டது. மாற்ற வேண்டுமா? (கோவை)

ப: ஆமாம். உள்ளே இருந்த வெற்றிடம் போய்விட்டது. வெயிலில் அந்த டியூபைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நல்ல டியூப் வெளிப்புறம் சுடாது. மாற்றும்போது ரப்பர் வாஷரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கே: இரண்டு மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். டேங்கை வடித்துவிட்டுப் போகலாமா? (திருச்சி)

ப: வேண்டாம். மேலே தருமபுரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தண்ணீர் நிரம்பியே இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் வால்வு திறந்திருக்கட்டும், டியூப்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிடுங்கள். கட்டுகிறவரிடம் வென்ட் பைப்பையும் சேர்த்து மூட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.