அமெரிக்காவில் பல் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் எடுப்பதா, டிஸ்கவுன்ட் பிளானே போதுமா?

பழைய வேலையை விட்டுக் கான்ட்ராக்டுக்கு மாறியிருக்கிறீர்கள், கம்பெனி கொடுத்த டென்டல் இன்சூரன்ஸ் போன மாதத்தோடு நின்றுவிட்டது, கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனாலும் கிரவுனும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே இடத்தில்தான் நின்றேன்.

கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்த சீடையைக் கடித்தபோது கீழ்க் கடைவாய்ப்பல் பிளந்தது. அன்றிரவே இணையத்தில் தேடி, மாதம் 45 டாலருக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்தேன். பாலிசி தொடங்கியதும் டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் காதில் போனை வைத்தபடி இருபது நிமிடம் காத்திருந்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசினார். பிறகு என் சிகிச்சைத் தாளைத் திருப்பி வைத்து, டி3330, டி2740 என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். முதலாவது கடைவாய்ப்பல் ரூட் கெனால், இரண்டாவது செராமிக் கிரவுன். "இரண்டுக்கும் 12 மாதம் வெயிட்டிங் பீரியட்" என்றார், அதாவது பாலிசி எடுத்து ஒரு வருடம் ஆனபிறகுதான் இவற்றுக்குப் பணம் தருவார்கள். தாடை வீங்கி உட்கார்ந்திருப்பவர் எப்படி ஒரு வருடம் காத்திருப்பது?

அங்கேயே ஒரு டிஸ்கவுன்ட் பிளான் எடுத்தேன், அதாவது சந்தா கட்டினால் அதில் சேர்ந்திருக்கும் டாக்டர்களிடம் விலை குறையும் திட்டம். வருடச் சந்தா 150 டாலர். இரண்டு வேலைக்கும் சேர்த்து 2,900 என்று இருந்த பில் 1,850 ஆனது. சந்தாவோடு 2,000.

அந்தச் சமயத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒன்றை உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கோப்ரா என்ற சட்டப்படி, பழைய கம்பெனியின் காப்பீட்டை நம் செலவில் தொடரலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி என்றால் பொதுவாக இது உண்டு. தேர்ந்தெடுக்க குறைந்தது 60 நாள் தருவார்கள். டென்டல் தனி பிளானாக இருந்தால் அதை மட்டும் தொடரவும் பெரும்பாலும் முடியும். முழு பிரீமியமும் அதில் 2 சதவீதம் கூடுதலாகவும் கட்டவேண்டியிருக்கும். ஆனால் அது அதே பழைய பிளான்தான், புதிதாக வெயிட்டிங் பீரியட் எதுவும் தொடங்காது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே பழைய ஆபீஸ் எச்.ஆருக்கு எழுதுங்கள்.

அது இல்லை என்றால்தான் மற்ற இரண்டையும் ஒப்பிடவேண்டும். மெடிக்கல் இன்சூரன்ஸில் நம் கையிலிருந்து போகும் பணத்துக்கு வருட உச்சவரம்பு உண்டு. பல்லில் இது அப்படியே தலைகீழ்: வரம்பு கம்பெனி தரும் பணத்துக்கு. பெரும்பாலான பிளான்களில் அது வருடத்துக்கு 1,000 முதல் 2,000 டாலர்தான். பல பிளான்களில் கிளீனிங், எக்ஸ்ரேவுக்குத் தருவதையும் அதிலேயே கழித்துக்கொள்வார்கள். கிளீனிங்குக்கு முழுதும், ஃபில்லிங்குக்கு 80 சதவீதம், கிரவுனுக்கு 50 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. ரூட் கெனால் 80இல் வருமா 50இல் வருமா என்பது பிளானுக்குப் பிளான் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிட்டிங் பீரியட் இல்லாத இன்சூரன்ஸ் கிடைத்திருந்தால் என் கணக்கு மாறியிருக்கும். நெட்வொர்க் விலை, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரோடு பேசிவைத்த விலை, 2,050 என்று வைத்து, முதலில் நாமே கட்டவேண்டிய 50 டாலர் டிடக்டிபிள் போக மீதியில் பாதி, அதாவது 1,000 டாலர், கம்பெனி தரும். என் பங்கு 1,050, வருட பிரீமியம் 540. மொத்தம் 1,590. ஆகவே டிஸ்கவுன்ட் பிளான்தான் எப்போதும் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். புது ஆபீஸ் பிரீமியத்தில் ஒரு பங்கு போட்டால் யோசிக்காமல் இன்சூரன்ஸ் எடுங்கள். முழுவதும் உங்கள் கைக்காசு, வேலை உடனே ஆகவேண்டும், இரண்டு மூன்று பல் வரிசையில் நிற்கிறது என்றால் டிஸ்கவுன்ட் பிளான் நன்றாக உதவும். அதில் உச்சவரம்பு இல்லை, கிளெய்ம் இல்லை. ஆனால் அது காப்பீடே அல்ல. உங்களுக்காக யாரும் ஒரு டாலர்கூடக் கட்டமாட்டார்கள், விலை மட்டும்தான் குறையும், அதையும் சிகிச்சை அன்றே பெரும்பாலும் நீங்களே கட்டவேண்டும்.

டிஸ்கவுன்ட் பிளானை எடுக்குமுன் இரண்டு போன் போடுங்கள். ஒன்று, டாக்டரின் கிளினிக்குக்கு: இந்த பிளானை இப்போதும் ஏற்கிறார்களா? இணையப் பட்டியலில் பெயர் இருக்கும், ஆனால் டாக்டர் எப்போதோ விலகியிருப்பார். அடுத்தது பிளான் கம்பெனிக்கு. "60 சதவீதம் வரை தள்ளுபடி" என்பதை விடுங்கள். உங்கள் ஜிப் கோடில் டி3330க்கும் டி2740க்கும் எத்தனை டாலர் என்று கேளுங்கள். ரூட் கெனாலைத் தனி ஸ்பெஷலிஸ்ட் செய்வதாக இருந்தால் அவர் விலையைத் தனியாகக் கேளுங்கள். பல கிளினிக்குகள் சொந்தமாகவே மெம்பர்ஷிப் பிளான் வைத்திருக்கின்றன, அதையும் விசாரியுங்கள்.

டாக்டர் கொடுத்த சிகிச்சைத் தாளில் உள்ள டி3330 போன்ற குறியீடுகளையும் விலையையும் கமென்டில் போடுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.