பல் போனது, வலி போகவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. கம்பத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறேன். ஏழு மாதங்களுக்கு முன் கேரளப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டார்கள். வலி நிற்காததால் நான்கு மாதங்களுக்கு முன் அந்தப் பல்லையே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனாலும் பல் இருந்த இடத்திலும், காதிலும், தொண்டையிலும் வலி இருந்துகொண்டே இருக்கிறது. காது, மூக்கு, தொண்டை டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார், எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்கிறார்கள். வீட்டிலோ எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். பல்லை எடுக்கலாமா?
– வாசகி, கம்பம்

பதில்: சகோதரி, இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பக்கத்துப் பல்லில் சொத்தையோ, விரிசலோ, வேர் நுனியில் சீழோ இருப்பதாக யாராவது உங்களுக்குக் காட்டினால் அது வேறு விஷயம். அப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே எடுத்துப் பார்ப்பதற்குப் பல் ஒன்றும் களைச்செடி இல்லை. எடுத்த பிறகும் வலி நீடித்தால் நீங்கள் மூன்றாவது பல்லைக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பற்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதல் வரியிலேயே இதைச் சொல்கிறேன்.

பல், காது, தொண்டை மூன்றும் தனித்தனி உறுப்புகளாகத் தோன்றினாலும், அவற்றின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் மூளைத்தண்டில் ஏறக்குறைய ஒரே வாசலில் சென்று சேர்கின்றன. கீழ்த்தாடைப் பற்களுக்கு உணர்வு தரும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளையே காதின் முன்பகுதிக்கும் தாடை மூட்டுக்கும் போகிறது; தொண்டைக்கும் நடுச்செவிக்கும் ஒன்பதாம் மூளை நரம்பு போகிறது. ஆகவே ஓரிடத்தில் எழும் வலியை மூளை வேறிடத்தில் உணர்வது இயல்பு. காது டாக்டர் காதில் குறையில்லை என்று சொன்னது உண்மை. காது வலிக்கிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மை.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வலியின் குணத்தைத்தான். தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். விண்விண்ணென்று தெறித்தால் சீழையோ அழற்சியையோ நினைக்க வேண்டும். முகம் கழுவும்போதோ பல் துலக்கும்போதோ மின்னல் வெட்டியதுபோல் சில நொடிகள் சுள்ளென்று பாய்ந்து மறைந்தால் ஐந்தாம் நரம்பு வலியாக இருக்கலாம். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தொண்டையிலிருந்து காதுக்கு அதேபோல் பாய்ந்தால் ஒன்பதாம் நரம்பைப் பார்க்க வேண்டும். எரிச்சலும் கீழுதட்டில் மதமதப்பும் சேர்ந்திருந்தால், பல் எடுத்தபோது நரம்பு காயப்பட்டதா என்று ஆராய வேண்டும். நாள் முழுவதும் மந்தமான கடுகடுப்பு, மெல்லும்போது கூடுகிறது என்றால், தாடை மூட்டும் அதன் தசைகளும் காரணமாக இருக்கலாம். மலையாளம் பேசும் டாக்டரிடம் நீங்கள் பொதுவாக வலி என்று மட்டும் சொல்லியிருந்தால், இந்த வேறுபாடுகள் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

தாடை மூட்டை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று, காதுமடலுக்குச் சற்று முன்னால் இரு விரல்களை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். வலப்பக்கம் அழுத்தினால் அந்தப் பழகிய வலியே எழுகிறதா, வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறதா என்று பாருங்கள். பல் சிகிச்சைக்காக நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்தாலே மூட்டு நோகும். அதன்மேல் மலைப்பாதையில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் பற்களை இறுகக் கடித்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்றும் கவனியுங்கள்.

அரிதான காரணம் ஒன்றும் உண்டு. காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல இறங்கும் ஸ்டைலாய்ட் எலும்பு சிலருக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு தொண்டையையும் காதையும் வலிக்கச் செய்யும். ஈகிள் என்ற மருத்துவர் 1937-இல் இதை விவரித்தார். முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் இது தென்படும். ஒரு பல்லை மட்டும் எடுத்த சிறு எக்ஸ்ரேயில் தெரியாது.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருபக்கத் தொண்டை வலியும் காது வலியும், ஆறாத புண், கழுத்தில் கட்டி, குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் ஆகியவற்றோடு சேர்ந்தால், நாக்கின் அடிப்பகுதியையும் டான்சிலையும் கேமரா வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது. காய்ச்சலோடு தாடைக்குக் கீழே வீங்கி, வாய் திறக்க முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் அது மனப்பிரமை ஆகிவிடாது. காரணம் புலப்படாமல், தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் பல் வலிக்கு 2020-இல் வெளியான வாய், முக வலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டிலேயே தனி இடம் உண்டு. உங்கள் வீட்டாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். இதற்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தருவார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று யாராவது சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், நரம்பு வலிக்கும் அது பயன்படுகிறது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்துக்கடையில் நீங்களே டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ ஒருமுறை காட்டுங்கள். வலிக்கும் இடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்து, வலி நிற்கிறதா என்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் மூலம் வேறெங்கோ இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பத்து நாட்களுக்கு ஒரு நோட்டில், ‘காலை 5 மணி, ஜீப்பில், காதுக்கு முன்னால் கடுகடுப்பு, 10 மணி, டீ விழுங்கும்போது ஒன்றுமில்லை’ என்பது போல எழுதி வையுங்கள், எழுத நேரமில்லாத நாளில் மகனோ மகளோ கேட்டு எழுதட்டும்.